அசையாத கைப்பிடி

என் அக்காவின் வலது கை எத்தனை கிராம் எடையில் தள்ளும், எத்தனை கிராமில் இழுக்கும் என்று என்னால் சொல்ல முடியும். உலகத்தில் வேறு எந்தத் தம்பிக்கும் இது தெரிந்திருக்காது. பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைக்கிறீர்களா? ஆமாம், பெருமைக்காகத்தான்.

நான் எடை மெஷின் ரிப்பேர் செய்பவன். காய்கறிக் கடை, மாவு மில், கூரியர் ஆபீஸ், மருந்துக் கடை வாசலில் ஏறி நிற்கிற மெஷின், எது தகராறு செய்தாலும் கடைசியில் என் மேஜைக்குத்தான் வந்து சேரும். என்னை முன்கோபி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் என் கைபட்ட மெஷின் தப்பு காட்டியது என்று இருபத்திரண்டு வருஷத்தில் ஒருத்தர்கூடச் சொன்னதில்லை. அந்த வார்த்தையை முதன்முதலில் சொன்ன ஆள் நான்தான். அதுவும் அக்கா எதிரிலேயே, மாமாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் அக்கா ஒரு பையோடு கடைக்குள் நுழைந்தாள். வந்த வேகத்தில் பையைக் கவிழ்த்தாள். ஒரு பிளாஸ்டிக் ஜாய்ஸ்டிக் மேஜைமேல் உருண்டு என் டீ டம்ளரை இடித்துக்கொண்டு நின்றது.

"இதால முடியலடா. வேற பண்ணிக் குடு."

"என்ன வேற?"

"வேற ஸ்டிக். ஞாயித்துக்கிழமை மூணு மணிக்குள்ள வேணும்."

அக்கா எப்போதும் இப்படித்தான். பதினெட்டு வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவள். ஏறுகிறவர்கள் ஏறலாம், யோசிக்கிறவர்கள் நிறுத்தத்திலேயே நிற்கலாம், அவள் கிளம்பிவிடுவாள்.

ஒன்பது மாதத்துக்கு முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்து அவளுடைய வலது மணிக்கட்டு உடைந்தது. உள்ளே ஒரு தகடும் ஆறு திருகாணியும் வைத்துத் தைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது. மணிக்கட்டு மட்டும் மடங்கமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறது. டிப்போவில் அவளை ஸ்டீயரிங்கிலிருந்து இறக்கி, எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதுகிற மேஜையில் உட்காரவைத்துவிட்டார்கள். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அக்கா கத்தினால் நான் பயப்படமாட்டேன். பேசாமல் இருந்தால்தான் பயப்படுவேன்.

அவளுக்கு மிச்சம் இருந்தது விமானம் ஒன்றுதான். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓட்டுகிற சிமுலேட்டர். விளையாட்டு என்று சொல்லிப் பாருங்கள், உங்களை வீட்டுக்குள் விடமாட்டாள். நாலு பேர் கொண்ட ஒரு குழு அது. நாலு பேரும் நாலு ஊரில் உட்கார்ந்துகொண்டு, இணையத்தின் வழியாக ஒரே வானத்தில், இறக்கையும் இறக்கையும் உரசாத குறையாகச் சேர்ந்து பறப்பார்கள். பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் கிடையாது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அவ்வளவுதான். ஒண்ணு என்பவர் தலைவர். அக்கா மூணு. கை உடைந்த நாளிலிருந்து அவளுடைய இடத்தைக் காலியாகவே வைத்திருந்தார்கள். ஆனால் மாதக் கடைசியில் பெரிய காட்சி ஒன்று வருகிறதாம், நூற்றுக்கணக்கான பேர் பார்ப்பார்களாம். அதற்கு ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் பன்னிரண்டு நிமிஷம் சோதனை. விலகாமல் ஒட்டிப் பறந்தால் இடம் அக்காவுக்கு. இல்லாவிட்டால் வரிசையில் காத்திருக்கிற வேறொருவருக்கு.

"பஸ்தான் போச்சு, சரி," என்றாள் அக்கா. "இதுவும் போச்சுன்னா நான் எதைடா ஓட்டறது? உங்க மாமாவையா?"

நான் அந்த ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மணிக்கட்டு முழுசாக மடங்க வேண்டியிருந்தது.

"மடங்காத கையை வெச்சுக்கிட்டு எப்படிக்கா ஆட்டுவ? நான் என்ன மந்திரமா போட முடியும்?" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். முடியாத வேலையை யாராவது கேட்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அக்கா மேஜையில் ரிப்பேருக்கு வந்திருந்த காய்கறிக் கடை மெஷினின் தட்டை ஒரு விரலால் அழுத்தினாள். சிவப்பு எண்கள் ஏறின. இருநூறு கிராம். ஐந்நூறு. விரலை எடுத்தாள், பூஜ்யம். மறுபடி அழுத்தினாள். குனிந்து தட்டையே பார்த்தாள்.

"டேய், இது அசையவே இல்லையேடா."

"அசையாது. அதான் மெஷின்."

"ஆனா நான் எவ்ளோ அழுத்தறேன்னு இதுக்குத் தெரியுது."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். ஒரு போர் விமானத்தில் நிஜமாகவே அப்படித்தான் ஸ்டிக் இருக்கிறது என்றாள். வலது கைப்பக்கம் இருக்கும், ஆடாது, கை எந்தப் பக்கம் எவ்வளவு அழுத்துகிறது என்பதை மட்டும் உணர்ந்துகொண்டு விமானத்தைத் திருப்பும். கைபேசியில் படத்தைக் காட்டினாள். அந்த விமானம் அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். குழுவில் ஓட்டுவதும் அதையேதான்.

"கதவை இழுத்து மூடுக்கா," என்றேன். "இன்னைக்குக் கடை லீவு."

எடை மெஷினின் தட்டுக்கு அடியில் விரல் நீளத்துக்கு ஓர் அலுமினியக் கட்டை இருக்கும். லோடு செல் என்போம். மேலே எடை விழுந்தால் அது கண்ணுக்கே தெரியாத அளவு வளையும், அதில் ஒட்டியிருக்கிற மெல்லிய கம்பிகள் அந்த வளைவை உணர்ந்து எண்ணாகச் சொல்லும். அவ்வளவுதான் என் தொழிலின் ரகசியம். பழைய மெஷின்களிலிருந்து அப்படி இரண்டு கட்டைகளைக் கழற்றினேன். ஒன்றை முன்னும் பின்னும் தள்ளுவதை உணரும்படி வைத்தேன். இன்னொன்றை அதன்மேல் குறுக்காக, இடம் வலம் உணரும்படி முடுக்கினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்பு எண் பெட்டி. இரண்டு பெட்டிகளும் சொல்லும் எண்ணை வாங்கி, 'நான் ஒரு ஜாய்ஸ்டிக்' என்று கம்ப்யூட்டரிடம் சொல்ல ஒரு சின்ன போர்டு. நொடிக்கு எண்பது தடவை எடை பார்க்கும்படி வைத்தேன். எந்தக் காய்கறிக் கடைக்கும் இவ்வளவு வேகத்தில் வைத்துக் கொடுத்ததில்லை.

முதல் தடவை முன்னால் தள்ளினால் இடப்பக்க எண்ணும் கூடவே ஏறியது. இரண்டு கட்டைகளும் சரியான குறுக்காக உட்காரவில்லை. மூன்று தடவை கழற்றி மாட்டினேன். நாலாவது தடவை முன்னால் தள்ளியபோது முன் எண் மட்டும் ஏறியது, பக்க எண் அசையாமல் நின்றது. தனியாகக் கடையில் உட்கார்ந்து கைதட்டினேன்.

பிடியைச் செய்தது மாமா. அக்காவின் வீட்டுக்காரருக்குப் பல்செட் செய்கிற தொழில். டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள், இவர் மெழுகில் செதுக்கி, பிளாஸ்டரில் பதித்து, அக்ரிலிக்கில் வார்த்து, சிரிப்பைப் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்புவார். நிஜப் பிடியின் அளவுகளை இணையத்தில் யாரோ ஒரு பைத்தியம் அரை மில்லிமீட்டர் பிசகாமல் போட்டிருந்தது. அக்கா அதை அச்சடித்து மாமாவின் மேஜைக்கு மேலே ஒட்டிவிட்டாள்.

"விரல் விரலா பள்ளம் வெச்சுத் தரேம்மா. உன் கைக்குன்னே செஞ்ச மாதிரி உக்காரும்," என்றார் மாமா.

"விமானம் செஞ்சவங்க என் கைக்குன்னா செஞ்சாங்க? படத்துல இருக்கற மாதிரியே வேணும். ஒரு நூல் கூடக்கூடாது, குறையக்கூடாது."

"உனக்குப் பொருந்தணும்ல?"

"நான் பொருந்திக்கறேன்."

மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "கேட்டுக்கோங்க மச்சான். கல்யாணம் ஆன புதுசுல இந்த வார்த்தைய என்கிட்ட சொல்லியிருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும்."

புதன்கிழமை பிடி வந்தது. நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வளைவு, கட்டைவிரல் மேடு, சுட்டுவிரல் விசைக்கான குழி, மேலே நாலு பக்கமும் நகரும் சின்னப் பொத்தானுக்கான பள்ளம், எல்லாம் அச்சு அசலாக இருந்தது. ஒரே ஒரு விஷயம்தான். மொத்தமும் ஈறு நிறத்தில் இருந்தது.

"வேற நிறம் கைவசம் இல்ல," என்றார் மாமா, கொஞ்சம்கூட வெட்கப்படாமல். "நம்ம தொழில்ல கறுப்பு ஈறு யார் கேக்கறா?"

அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். ஒன்பது மாதத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. வியாழக்கிழமை இரண்டு தடவை கறுப்புச் சாயம் அடித்துக் காயவைத்தோம். மாமா அதை அவள் கையில் கொடுத்து, "மெதுவா அழுத்திப் பாரு. எங்கயாச்சும் குத்துதா? வலிக்குதா?" என்று கேட்டார். பல்செட் மாட்டிக்கொள்ள வருகிறவர்களிடம் கேட்கிற அதே குரல்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாவற்றையும் அவளுடைய அறையில் பொருத்தினோம். அங்கே நாற்காலிக்குப் பதிலாக, டிப்போவில் கழித்துப்போட்ட ஒரு டிரைவர் சீட் இருக்கிறது. அதன் வலது கைப்பக்கம் ஒரு மரக்கட்டையை முடுக்கி, அதன்மேல் ஸ்டிக்கை நிறுத்தினேன். சிவப்பு எண் பெட்டிகளை அலமாரி விளிம்பில் எனக்குத் தெரியும்படி வைத்தேன். எந்த மெஷின் என் கையைவிட்டுப் போனாலும் கண்ணை மூடிக்கொண்டு நான் போடுகிற செட்டிங்குகளை இதற்கும் போட்டேன், மூடியில் என் கடை ஸ்டிக்கரை ஒட்டி முத்திரையும் வைத்தேன். ஒரு கிலோ எடைக்கல்லைக் கயிற்றில் கட்டி இழுத்துப் பார்த்தேன். ஆயிரம் கிராம். ஒரு கிராம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அக்கா உட்கார்ந்தாள். இடது கையை வேகம் கூட்டுகிற லீவரில் வைத்தாள், வலது கையால் ஸ்டிக்கைப் பிடித்தாள். திரையில் ஓடுதளம் நீண்டு கிடந்தது. விமானம் ஓடத் தொடங்கியது, வேகம் ஏறியது, அவள் கை இருந்த இடத்திலேயே இருந்தது, நான் பெட்டியைப் பார்த்தேன், எண்ணூறு, தொள்ளாயிரம், மூக்கு தூக்கியது, தரை நழுவியது.

"டேய்! போகுதுடா! போகுது!"

போனது. மேகத்துக்குள் போனது. அக்கா வலப்பக்கம் அழுத்தினாள், வானம் ஒரு சுற்றுச் சுற்றியது. இழுத்தாள், விமானம் செங்குத்தாக ஏறித் தலைகீழாகிப் பூமி மேலே வந்தது. மாமா டம்ளரைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தார், ஏதோ அவரும் உள்ளே உட்கார்ந்திருப்பதுபோல. நான் எண்களைக் கத்திக்கொண்டிருந்தேன். "ஆயிரத்து நானூறு! ஆயிரத்து அறுநூறு! யம்மா, இந்தக் கையையா முடியாதுன்னு எழுத உக்காரவெச்சாங்க?" மணிக்கட்டு மடங்கவில்லை. மடங்கவே தேவையில்லை. அக்கா இறங்கி வந்து திரும்பியபோது முகம் முழுக்க வியர்வை. என் தலையைப் பிடித்து ஆட்டினாள். எங்கள் வீட்டில் அதுதான் பாராட்டு.

அன்றைக்கு நான் தலைகால் புரியாமல் வீடு திரும்பினேன். சனிக்கிழமை எல்லாம் கெட்டது.

சனிக்கிழமை காலை ரெண்டோடு சேர்ந்து பறந்து பழகினாள் அக்கா. ரெண்டு என்பவர் நல்ல மனுஷன், பொறுமைசாலி. நேராகப் பறக்கும்வரை பிரச்சினை இல்லை. நீளமான வளைவு ஒன்று எடுத்தார்கள். அக்காவின் விமானம் மெல்ல மெல்ல விலகியது. சரிசெய்தாள். மறுபடி விலகியது. கையைத் தளர்த்தினால் எதிர்ப்பக்கம் குதித்தது. ஒரு தடவை ரெண்டின் வால்மேலேயே ஏறப்பார்த்தாள்.

"வளைவுல மட்டும் வழுக்கிட்டே போறீங்க," என்றது ஒலிபெருக்கியில் ரெண்டின் குரல். "கொஞ்ச நாள் விட்டுப்போச்சுல்ல, பரவால்ல. இன்னொரு தடவை."

ஏழு தடவை ஆயிற்று. ஏழு தடவையும் அதேதான். அக்கா மைக்கை அணைத்தாள்.

"டேய், ஸ்டிக்கப் பாரு. ஏதோ சரியில்ல."

என் மெஷினையா? நான் உடனே எடைக்கல்லை எடுத்துக் கட்டி இழுத்தேன். ஆயிரம். ஐந்நூறு கிராம் கல், ஐந்நூறு. எல்லாப் பக்கமும் சோதித்தேன். எங்கும் தப்பில்லை.

"மெஷின்ல ஒண்ணும் இல்லக்கா."

"கெட்டியா அழுத்தினா நல்லாத்தான்டா கேக்குது. லேசா புடிச்சுட்டிருந்தா நழுவுது."

"நழுவாது. நழுவற மெஷின் நான் பண்ணமாட்டேன். இவ்ளோ நாள் கட்டுப்போட்ட கை, அதுக்குத்தான் பழக்கம் விட்டுப்போச்சு. கையப் பாரு, மெஷினப் பாக்காத."

சொல்லி முடிக்கும் முன்பே தெரிந்துவிட்டது, சொல்லியிருக்கக்கூடாது. மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள், தையல் போட்ட தழும்பைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினாள். அதற்குப் பிறகு பேசவே இல்லை. நான் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் கோபம். யார்மேல் என்று கேட்டால் அப்போது அவள்மேல் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு மறுபடி போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. பொய் எதற்கு? என் மெஷின் சரி என்று நிரூபிக்கப் போனேன். கடையில் இருக்கிற அத்தனை எடைக்கற்களையும் சுமந்துகொண்டு போனேன்.

மாமா கதவைத் திறந்து குரலைத் தாழ்த்தினார். "குழுத் தலைவருக்கு எழுதிட்டிருக்கா. இடத்த வேற யாருக்காச்சும் குடுத்துடுங்கன்னு. நான் சொன்னா கேக்கல, நீங்களாச்சும் சொல்லுங்க மச்சான்."

அக்கா அந்த டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். இடது கையின் ஒரே விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தாள். வலது கை ஸ்டிக்கின்மேல் சும்மா கிடந்தது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. 'இத்தனை மாதம் எனக்காகக் காத்திருந்ததற்கு நன்றி' என்ற வரியைத் திரையில் பார்த்தேன். பார்வையை எங்கே வைப்பதென்று தெரியாமல், பழக்கதோஷத்தில் என் சிவப்பு எண்களைப் பார்த்தேன்.

அறுபத்திரண்டு. சும்மா கிடக்கிற கையின் எடை. சரிதான்.

அறுபது.

ஐம்பத்து மூன்று. கை அசையவில்லை. நான் கையைப் பார்த்தேன், எண்ணைப் பார்த்தேன். நாற்பது. இருபத்தேழு. ஒன்பது.

பூஜ்யம்.

கை அங்கேயே கிடந்தது. மெஷின் பூஜ்யம் என்றது. அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கக் கையை எடுத்தாள். மைனஸ் அறுபத்திரண்டு.

"தூசி!" என்று அலறினேன்.

மாமா பதறிப்போய் ஜன்னலைச் சாத்தினார்.

"அது இல்ல மாமா! செட்டிங்! தூசி செட்டிங்! ஐயோ, என் புத்திய..."

நான் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற செட்டிங்குகளில் அதுவும் ஒன்று. கடைகளில் எடைத் தட்டுமேல் மாவு படியும், ஈரம் ஏறும். மெல்லச் சேருகிற அந்தச் சின்ன எடையை எடை என்று காட்டினால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். அதனால், லேசாக ஏதாவது விழுந்து நாலைந்து நொடி அசையாமல் கிடந்தால், மெஷின் அதைத் தூசி என்று முடிவுகட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிவிடும். பூஜ்யம் என்று சொல்லிவிடும். அரைக் கிலோ, ஒரு கிலோ என்று அழுத்தினால் விழுங்காது. அதனால்தான் வெள்ளிக்கிழமை குட்டிக்கரணம் எல்லாம் பிரமாதமாக வந்தது. என் எடைக்கற்களும் அதனால்தான் சரியாகக் காட்டின. ஆனால் இறக்கையோடு இறக்கை ஒட்டி நீளமாக வளைகிறவள் என்ன செய்வாள்? நூறு கிராம் அழுத்தத்தை விடாமல், நடுங்காமல், நிமிஷக் கணக்கில் பிடித்துக்கொண்டிருப்பாள். கை எவ்வளவு நிதானமாக இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் மெஷின் அதை விழுங்கியது. கை நடுங்குகிற ஆளாக இருந்திருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது!

இதையெல்லாம் நான் மூச்சுவிடாமல் கத்தினேன். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அப்போ உன் மெஷின் என் கையைத் தூசின்னு நெனச்சுதா?"

"ஆமாக்கா."

"ரெண்டு நாளா?"

"உன் கை சரியா இருக்குக்கா. சரியா இருக்கறதாலதான் இப்படி ஆச்சு. தப்பு என் மெஷின்தான். தப்பு நான்தான். நேத்து நான் பேசுனது..." கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமாக இருந்தது.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "திருப்பிச் சொல்லு."

"கை சரியா இருக்கு."

"அது இல்ல. அடுத்தது."

"தப்பு என் மெஷின்."

"ஏங்க, கேட்டீங்களா?"

"கேட்டேம்மா. தேதி போட்டு எழுதி வெச்சுக்கறேன்," என்றார் மாமா. "மணி ரெண்டு முப்பத்தஞ்சு."

ரெண்டு முப்பத்தைந்தா! அக்கா எழுதியதை மொத்தமாக அழித்தாள். நான் பெட்டியைக் கீழே இறக்கினேன். செட்டிங்கை மாற்றுகிற சுவிட்ச் மூடிக்கு உள்ளே இருக்கிறது. மூடியில் நான் ஒட்டிய முத்திரை, நகத்தால் சுரண்டினால் வராது, அப்படித்தான் நான் ஒட்டுவேன். மாமா தன் மெழுகு செதுக்கும் கத்தியைக் கொண்டுவந்து ஒரே இழுப்பில் கிழித்தார். நாலு திருகாணி. ஒன்று கட்டிலுக்கு அடியில் உருண்டுபோனது, கிடக்கட்டும். முதல் பெட்டியில் தூசி செட்டிங்கை அணைத்தேன். இரண்டாவது பெட்டி, இன்னொரு முத்திரை, இன்னொரு நாலு திருகாணி. அணைத்தேன். ரெண்டு ஐம்பத்து மூன்று.

"யாரும் ஸ்டிக்கத் தொடாதீங்க! மூச்சுகூட அந்தப் பக்கம் விடாதீங்க!"

இரண்டு பெட்டிகளிலும் பூஜ்யம் அழுத்தினேன். "இப்போ கைய வெய்யிக்கா. சும்மா வெய்யி." வைத்தாள். அறுபத்து நாலு. எண்ணினேன். பத்து நொடி. இருபது. முப்பது. அறுபத்து நாலு, அறுபத்து நாலு, அறுபத்து நாலு. அந்த எண்ணுக்கு அப்படியே முத்தம் கொடுக்கலாம்போல இருந்தது.

மூன்று மணிக்கு ஒலிபெருக்கியில் ஒண்ணின் குரல் வந்தது. வறண்ட குரல், வணக்கம்கூடச் சுருக்கமாகச் சொல்லுகிற ஆள். "தயாரா? பன்னிரண்டு நிமிஷம். என் இடது இறக்கைக்குப் பக்கத்துல வாங்க. மத்த ரெண்டு பேரும் வலது பக்கம் வருவாங்க. நான் திரும்பறப்ப சொல்லமாட்டேன்."

நாலு விமானங்கள் ஏறின. அக்காவின் திரையில் ஒண்ணின் விமானம் பக்கத்து வீட்டு மொட்டைமாடி அளவுக்கு நெருக்கமாக வந்து நின்றது. இறக்கை நுனியில் இருந்த விளக்கு தெரிந்தது. நேராகப் பறந்தார்கள். நான் எண்ணைப் பார்த்தேன், திரையைப் பார்த்தேன், எண்ணைப் பார்த்தேன். மாமா என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஒண்ணு சாய்ந்தார். வளைவு தொடங்கிவிட்டது.

அக்காவின் கை அழுத்தியது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, பிடி அசையவில்லை, முட்டி அசையவில்லை. எண் மட்டும் ஏறி நின்றது. நூற்று மூன்று. நூற்று நாலு. நூற்று மூன்று. பத்து நொடி போனது. சனிக்கிழமை இந்த இடத்தில்தான் வழுக்கினாள். நூற்று நாலு. அந்த விளக்கு திரையில் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. கீழே பூமி மொத்தமும் மெல்லச் சுழன்றது, பக்கத்து விமானம் மட்டும் ஆணி அடித்ததுபோல நின்றது. நான் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். நூற்று மூன்று! இருபத்திரண்டு வருஷமாக எடைக்கற்களைப் பார்க்கிறேன், இரும்புகூட இவ்வளவு அசையாமல் உட்கார்ந்து பார்த்ததில்லை. இந்தக் கையைப் பார்த்தா நான் அப்படிச் சொன்னேன்?

வளைவு முடிந்தது. எதிர்ப்பக்கம் ஒன்று. பிறகு ஏற்றம், உச்சியில் ஒரு கணம் எல்லா விமானங்களும் தொங்கினாற்போல நின்று, பிறகு ஒன்றாகச் சரிந்தன. அக்காவின் உதடு அசைந்துகொண்டிருந்தது, நெரிசலான சந்திப்பில் பஸ்ஸைத் திருப்பும்போது அவள் முணுமுணுப்பாளே, அதே மாதிரி. ஒண்ணு இடது, வலது என்று சொல்லாமல்கொள்ளாமல் திரும்பினார். ஒவ்வொரு தடவையும் அவள் அங்கே இருந்தாள். இன்னொரு பெரிய வளைவு. இன்னொன்று. நான் நேரத்தை மறந்தேன், கால் மரத்துப்போனதை மறந்தேன், என் முட்டாள்தனத்தைக்கூட மறந்தேன்.

கடைசியில் அக்காதான் கேட்டாள், கண்ணை அந்த விளக்கிலிருந்து எடுக்காமல். "ஒண்ணு, பன்னிரண்டு நிமிஷம் முடிஞ்சிருக்கணுமே?"

"அது முடிஞ்சு எட்டு நிமிஷம் ஆச்சு," என்றது அந்த வறண்ட குரல். "இப்போ காட்சிக்கு ஒத்திகை பாத்துட்டிருக்கோம். கவனமா வாங்க, மூணு."

எனக்கு முதலில் புரியவில்லை. மாமாவுக்குப் புரிந்துவிட்டது. அவர் குதித்த குதியில் அலமாரி ஆடியது. நானும் குதித்தேன், கத்தினேன், மாமாவைக் கட்டிக்கொண்டேன், எடைக்கல் ஒன்று என் காலில் விழுந்தது, வலிக்கவே இல்லை. அக்காவின் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்க அவளுக்குக் கை இல்லை. இடது கை லீவரில் இருந்தது, வலது கை நூற்று நாலில் வேலையாக இருந்தது.

"கத்தாதீங்க ரெண்டு பேரும்," என்றாள். "வண்டி ஓட்டிட்டிருக்கேன்."